கை ஆபரேஷனுக்கு முழு மயக்கம் தராமல், ஸ்கேன் பார்த்து ஊசி போடுவது எப்படி?

கைக்கான 5 நரம்பு வேர்கள் கழுத்திலிருந்து கிளம்பி, பின்னிப் பிணைந்து தோள் வழியாக இறங்குகின்றன. வழியிலேயே அவற்றைச் சுற்றி மருந்து செலுத்தினால் கை மட்டும் மரத்துப்போகும், நீங்கள் விழித்திருக்கலாம்.

காறை எலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால், துடிக்கும் கறுப்பு வட்டமாக ரத்தக்குழாய் தெரியும். அதை ஒட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருப்பவைதான் நரம்புகள். சற்றுக் கீழே நுரையீரல் உறை! அதனால் ஊசி முனை திரையில் தெரிந்தால்தான் மேற்கொண்டு உள்ளே நகர்த்த வேண்டும். இந்த முறையின் அருமையே அதுதான்.

அப்புறம், மரப்பு பல மணி நேரம் நீடிக்கும். அதுவரை கையை ஸ்லிங்கில் தாங்கி வையுங்கள்; சூடான எதுவும் பட வேண்டாம், சுட்டாலும் தெரியாது. உணர்வு திரும்பும்போது வலி சட்டென்று ஏறும். அதற்கு முன்பே டாக்டர் தந்த வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.