உள்ளூர் ஸ்போர்ட்ஸ் ரேடியோ ஹோஸ்ட்டுங்களுக்கு ஏன் இவ்வளவு ஈகோ? அந்த சண்டையெல்லாம் நிஜமா, டிராமாவா?

நியூயார்க் ரேடியோவை வச்சுதான் என்னால சொல்ல முடியும், நியூஜெர்சில கார்ல ஆபீஸ் போய் வந்துட்டிருந்தப்ப கேட்டதெல்லாம் அதுதான். நம்ம ஊர் எஃப்எம் மாதிரி பாட்டுக்கு நடுவுல ஆர்ஜே பேசுற கதை இல்ல. பாட்டே கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு உக்காந்தா சாயங்காலம் ஆறரை வரைக்கும் பேச்சு, போன் பண்ற ரசிகர்களோட மல்லுக்கட்டு, அவ்ளோதான். மேட்ச் கமெண்ட்ரிகூட இல்ல, நேத்து மேட்ச்சைப் பத்தி இவரோட கருத்துதான் மொத்த சரக்கும். "எனக்குத் தெரியலப்பா"ன்னு சொல்ற ஆளு அந்த சீட்ல ஒரு வாரம் தாங்க மாட்டான்.

1987 ஜூலைல ஆரம்பிச்ச நியூயார்க்கோட டபிள்யூஎஃப்ஏஎன் (WFAN) ஸ்டேஷன்தான் 24 மணி நேரமும் ஸ்போர்ட்ஸ் பேசின முதல் ரேடியோ. 1989ல மைக் ஃப்ரான்செசாவையும் கிறிஸ் ரூசோவையும் பிடிச்சு ஒரே ஷோவுல உக்கார வச்சாங்க. மைக் அதுக்கு முன்னாடி சிபிஎஸ் டிவில ஸ்போர்ட்ஸ் ரிசர்ச் பாத்தவர், எல்லாம் தெரிஞ்ச தோரணையில நிறுத்தி நிதானமா தீர்ப்பு சொல்வார். ரூசோ கீச்சுக் குரல்ல மூச்சு விடாம கத்துவார், பட்டப்பேரே 'மேட் டாக்'. ஆரம்பத்துல இருந்தே ஒத்துப்போகல, யார் பெரிய ஆளுங்கறதுதான் பிரச்சனை. மைக்ரோஃபோன் ஆஃப் ஆனதும் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாம இருந்த காலமெல்லாம் உண்டு, ஒரே வீட்ல இருக்கற பங்காளிங்க மாதிரி. ஆனா 2008 வரைக்கும் 19 வருஷம் ஓடுச்சு பாருங்க, ஏன்னா அந்த முறைப்புதான் ஷோவே. ரூசோ ஸ்டேஷனை விட்டு விலகினதும் (அப்புறம் காசு கட்டிக் கேக்கற சேட்டிலைட் ரேடியோவுக்குப் போனார்) மைக் தனியா பண்ண முதல் நாள் ரூசோ போன் பண்ணி பேசினார், ரெண்டு பேருக்கும் குரல் உடைஞ்சிடுச்சு. அது நடிப்புன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு காரணம் யாரும் பெருசா பேசாதது, ரேட்டிங் எடுத்த விதம். அப்பல்லாம் ரேட்டிங்குக்காகத் தேர்ந்தெடுத்த கொஞ்சம் பேர் ஒரு டைரியில என்ன கேட்டோம்னு கையால எழுதி அனுப்பணும். அதாவது நீ நல்லா பேசினா மட்டும் பத்தாது, ஆளோட மண்டையில உன் பேர் நிக்கணும். அப்ப அடக்கமா பேசி என்ன பிரயோஜனம்? 2008 வாக்குல காதுக்குக் கேக்காத சிக்னலைப் பிடிக்கற மீட்டர் வந்துச்சு, ஆனா அதுக்குள்ள பழக்கம் ஊறிப்போச்சு.

அப்புறம் மைக்கேல் கே. நியூயார்க் பேஸ்பால் டீம் யாங்கீஸோட மேட்ச் டிவி கமெண்ட்டேட்டர், போட்டி ஸ்டேஷன்ல அதே நேரத்துல ஷோ பண்ணிட்டிருந்தவர். யாங்கீஸோட யெஸ் சேனல்ல மைக் ஷோவைத்தான் வருஷக்கணக்கா நேரலையா காட்டிட்டிருந்தாங்க, 2014ல அந்த இடம் மைக்கேல் கே ஷோவுக்குப் போச்சு. அதுக்கப்புறம் ரேட்டிங் வர்றப்பல்லாம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி குத்திக்கிட்டாங்க, ஆன்லைன்ல கேக்கறவங்க கணக்கு சேருமா சேராதான்னுகூட தகராறு. கேக்கறவனுக்கு அதுல என்ன லாபம்னு எனக்கு இன்னிக்கும் புரியல, ஆனா சேனல் மாத்தாம கேட்டேன்!

ஈகோவோட உச்சம்னா 2017 டிசம்பர்ல மைக் ஊரே கூடி வழியனுப்ப ரிட்டயர் ஆனதுதான். அவர் இடத்துல மூணு பேரைப் போட்டாங்க. பாவம், நாலு மாசத்துல, 2018 மே 1ம் தேதி, அண்ணன் திரும்பி வந்து அதே சாயங்கால சீட்ல உக்காந்துட்டார், மூணு பேரும் முன்னாடி நேரத்துக்கு நகர வேண்டியதாச்சு. அது டிராமா இல்லங்க, அந்த மைக்ரோஃபோனை இன்னொருத்தன் புடிக்கறதை அவரால கேட்டுட்டு வீட்ல இருக்க முடியல, என் கணிப்பு அதுதான். அடுத்த வருஷக் கடைசியில திரும்பவும் கிளம்பினார், இப்ப பாட்காஸ்ட் பண்றார். ரூசோ இஎஸ்பிஎன் டிவில வந்து இன்னும் அதே கத்து கத்திட்டிருக்கார்.