பார்லிமென்ட் இருக்கும்போது பிரதமர் ஒருத்தர் கையில எப்படி மொத்த அதிகாரமும் போகுது?

நல்ல கேள்வி. பிரதமரை எம்.பி.க்கள்தானே தேர்ந்தெடுக்குறாங்க, அப்போ அவங்களே ஏன் தடுக்க முடியலன்னு கேட்டிருக்கீங்க.

1975 ஜூன் 25 ராத்திரி, பிரதமர் இந்திரா காந்தி சொன்னதை வச்சு எமர்ஜென்சி (நெருக்கடி நிலை) பிரகடனத்துல ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்து போட்டார். மந்திரிசபை கூடினது மறுநாள் காலைல ஆறு மணிக்கு, அதாவது எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டு வச்சு ஒப்புதல் வாங்குனாங்க, அத்தனை சீனியர் மந்திரிங்க உட்கார்ந்திருந்தும் தடுக்க ஒருத்தர் இல்ல. எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுற விஷயம் இது. அதுக்கப்புறம்தான் 1978ல அரசியல் சட்டத்துல 44வது திருத்தம் கொண்டுவந்து, கேபினட் (மந்திரிசபை) முடிவு எழுத்துல வந்தாத்தான் எமர்ஜென்சிக்கு ஜனாதிபதி கையெழுத்து போடணும்னு ஆக்குனாங்க.

ஆனா 1985ல கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துச்சு. எம்.பி.க்களை விலைக்கு வாங்குறதைத் தடுக்க வந்த சட்டம்தான், தப்பு சொல்லல, ஆனா எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா சொல்ற கொறடாவோட உத்தரவை மீறி ஓட்டு போட்டாலோ ஓட்டு போடாம இருந்தாலோ பதவியே போயிடும்னா எந்த எம்.பி. தன் தொகுதிக்காக எழுந்து நிப்பார் சொல்லுங்க? அப்படி மீறிட்டாங்கன்னு வர்ற புகாரை விசாரிக்கிற சபாநாயகரும் பெரும்பாலும் ஆளுங்கட்சி ஆளுதான்.

பிரிட்டன்ல பாருங்க, 2003ல ஈராக் போர் ஓட்டெடுப்புல ஆளுங்கட்சியான லேபர் எம்.பி.க்களே 139 பேர் தங்க பிரதமர் டோனி பிளேரை எதிர்த்து ஓட்டு போட்டாங்க, அதுக்காக ஒருத்தருக்கும் எம்.பி. பதவி பறிபோகல. இங்கயும் நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட் ரெண்டுக்கு மட்டும் கொறடா உத்தரவுன்னு வச்சாலே போதும்.