ரீபில்ட் செய்த ரோட்டரி எஞ்சின் பெட்ரோலில் நனைந்து ஸ்டார்ட் ஆகவில்லை, மறுபடி இறக்க வேண்டுமா?

உங்கள் வண்டி மஜ்தாவின் எஃப்சி மாடல் ஆர்எக்ஸ்-7. பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றும் அதன் 13பி எஞ்சினுக்குப் புது சீல் போட்டுக் கட்டியாகிவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோல் சொட்டுகிறது. எஞ்சினை மறுபடி இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் சிட்னியில், என் வீட்டு கராஜில், இதே நிலையில் ஸ்பேனரோடு நின்றவன் நான். அன்று இறக்கியிருந்தால் நல்ல எஞ்சினை வீணாகப் பிரித்திருப்பேன்.

ரோட்டரியில் பெட்ரோல் அதிகமாக இறங்கினால் பிளக் நனைவதோடு விஷயம் முடிவதில்லை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் அபெக்ஸ் சீல், ஹவுசிங் சுவரோடு ஒட்டி நிற்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். படலம் போனால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் அழுத்தம், போச்சு. கம்ப்ரஷன் இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று நாம் இன்னும் செல்ஃப் அடிப்போம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இன்னும் ஊற்றும். புது சீல் இன்னும் ஹவுசிங்கோடு பழகியிருக்காது என்பதால் ரீபில்ட் செய்த எஞ்சினில் இது இரட்டிப்புத் தொல்லை.

அதனால் முதல் வேலை பெட்ரோலை நிறுத்துவது. பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கான இஜிஐ ஃப்யூஸை எடுங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் கப்ளர்களையும் (வயர் இணைப்பிகள்) கழற்றிவிடுங்கள். அடுத்து கீழ் வரிசையில் ரோட்டருக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு லீடிங் பிளக்குகளையும் கழற்றி, ஐந்து ஐந்து நொடியாகச் செல்ஃப் அடியுங்கள். துளை வழியாகப் பெட்ரோல் புகை மாதிரி பீய்ச்சி அடிக்கும். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொறி போதும், வண்டி எரிந்துவிடும். காயிலைக் கழற்றச் சொன்னது அதற்காகத்தான். கராஜ் கதவு திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பீய்ச்சல் நின்றதும் ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விடுங்கள். முன்னால் உள்ள புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு வலச்சுற்றாக ஒரு முழுச் சுற்று சுற்றினால், ரோட்டரின் அடுத்த முகம் துளைக்கு வரும். இப்படி மூன்று முகத்துக்கும் விட வேண்டும். அவசரப்பட்டு ஒரே இடத்தில் ஊற்றினால் மற்ற இரண்டு முகமும் காய்ந்தே கிடக்கும்.

இப்போது கம்ப்ரஷன் பாருங்கள். சாதாரண மீட்டர் போதும். ஆனால் அதில் காற்றைப் பிடித்து வைக்கும் வால்வை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, முள் துள்ளுவதைக் கவனிக்க வேண்டும். ஒரு ரோட்டரில் முகத்துக்கு ஒன்றாக வரும் மூன்று துள்ளலும் சமமா? மஜ்தா கொடுக்கும் கீழ் எல்லை 250 ஆர்பிஎம்மில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 கிலோ. புது எஞ்சினில் அதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் மூன்றும் சமமாக இருந்தால் கவலை வேண்டாம், ஓடும்போது ஏறிவிடும். அடுத்தடுத்த இரண்டு துள்ளல்கள் மட்டும் படுத்திருந்தால் அவற்றுக்கு நடுவே இருக்கும் அபெக்ஸ் சீலில் கோளாறு. எஞ்சினைத் திறக்கும் யோசனை அப்போது வந்தால் போதும். பேட்டரி சோர்ந்திருந்தால் இந்த அளவு எல்லாமே பொய் சொல்லும், முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

என் எஞ்சினில் மூன்றும் சமமாகத்தான் துள்ளின. ஆனால் பெட்ரோலை மறுபடி விட்டதும் நாலே முயற்சியில் மீண்டும் ஓவர்ஃப்ளோ. அப்புறம்தான் கேள்வியே மாறியது: இவ்வளவு பெட்ரோலை யார் ஊற்றச் சொல்கிறார்கள்?

வாட்டர் பம்ப் ஹவுசிங்குக்குப் பின்புறம் கூலன்ட் வெப்பத்தைப் பார்க்கும் ஒரு சென்சர் இருக்கிறது. 20 டிகிரியில் அது சுமார் 2.4 கிலோ ஓம் காட்ட வேண்டும், சென்சர் முனையில் அளந்தபோது சரியாகக் காட்டியது. அதே வயரை, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான இசியுவின் கப்ளர் முனையில் அளந்தேன். கிட்டத்தட்ட 15 கிலோ ஓம்! பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில்தான் சென்சர் அந்த அளவுக்குப் போகும். சென்சர் பக்கத்துக் கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், அதன் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு மாவு போல அப்பியிருந்தது. எஞ்சினை இறக்கி வைத்த எட்டு மாதத்தில் கூலன்ட் உள்ளே போய்ப் பூத்திருக்கிறது. பனியில் உறைந்த எஞ்சின் என்று நினைத்து இசியு பெட்ரோலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. களிம்பைச் சுரண்டி, புதுப் பின் போட்டேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுடையதில் காரணம் வேறாகவும் இருக்கலாம். பழைய இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகுவது மிகச் சாதாரணம். லைனில் பிரஷர் கேஜ் போட்டு பம்பை நிறுத்திப் பாருங்கள், முள் சரசரவென்று இறங்கினால் முதல் சந்தேகம் இன்ஜெக்டர்மேல்தான். பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்: கீழே லீடிங், மேலே டிரெய்லிங். லீடிங் இரண்டும் ஒரே நேரத்தில் பொறி விடுவதால் அவற்றைத் தங்களுக்குள் மாற்றிப் போட்டாலும் ஓடும், டிரெய்லிங்கில் அது நடக்காது. பொறி விடும் நேரத்தை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சரையும் பாருங்கள்: புல்லியின் மஞ்சள் குறி, எஞ்சினில் இருக்கும் குறி ஊசிக்கு நேராக நிற்கும்போது, சென்சர் கியரின் குறி அதன் உடலில் இருக்கும் குறியோடு சேர வேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே பொறி நேரம் தவறி பிளக் நனையும்.

பிடித்த பிறகு கராஜ் முழுக்க வெள்ளைப் புகை வரும். நீங்கள் ஊற்றிய ஆயில்தான், பயப்படாதீர்கள். ஆனால் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில் பெட்ரோல் இறங்கியிருக்கும். எஞ்சின் சூடானதும் நிறுத்தி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ரோட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இரண்டு ரோட்டரின் கம்ப்ரஷன் துள்ளல் ஆறையும், சென்சரின் இரண்டு முனை ஓம் அளவையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.