இறுதி இதழ் முடிந்தது, முடிச்சு அவிழவில்லை: கேள்வி பதில்

கேள்வி: ‘மிஸ்டர் மிராக்கிள்’ காமிக்ஸ் குறுந்தொடரின் 12 இதழ்களையும் வாசித்து முடித்துவிட்டேன். அதன் நாயகன் ஸ்காட் ஃப்ரீ உயிரோடு இருக்கிறானா, இறந்துவிட்டானா என்பது கடைசிப் பக்கம் வரை விளங்கவில்லை. நான் எதையாவது கவனிக்கத் தவறிவிட்டேனா?

பதில்: எதையும் தவறவிடவில்லை. டாம் கிங் எழுத, மிட்ச் ஜெராட்ஸ் வரைய, 2017-இல் தொடங்கி 2018-இல் நிறைவுற்ற அத்தொடரின் முதல் காட்சியே நாயகன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதுதான். அதன்பின் அவன் காண்பவை மெய்யா, சாகும் தறுவாயில் எழும் மயக்கமா, கொடிய வில்லன் டார்க்சைட் விரித்த வலையா என்ற ஐயம் இறுதிவரை தீர்க்கப்படுவதில்லை. பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள் என்ற இறுக்கமான அமைப்புக்குள் திடீரென ஒரு கட்டம் முழுவதும் கறுத்து, டார்க்சைட் இருக்கிறான் என்று மட்டும் சொல்லும். வேறு சில கட்டங்களில் பழுதான ஒளிநாடாவைப் போலப் படம் இழுபட்டுத் தெரியும். இவை துப்புகளாகத் தோன்றினாலும், எந்த ஒரு விடையையும் உறுதிசெய்ய உதவுவதில்லை.

ஜேக் கிர்பி 1971-இல் படைத்த இந்தப் பாத்திரம் தப்பித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இறுதி இதழைப் பாருங்கள். இறந்தவர்கள் வந்து ஸ்காட்டோடு பேசுகிறார்கள். வேறோர் உலகம் உண்டு என்பதும் அவனுக்கு ஏற்கெனவே காட்டப்பட்டுவிட்டது. ஆயினும் அவன் மனைவி பார்டாவோடும் குழந்தையோடும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறான். எந்த உலகம் மெய் என்று கிங் சொல்லியிருந்தால், ஒருவனுடைய மன உளைச்சலின் கதை வெறும் புதிர்க்கதையாகச் சுருங்கியிருக்கும் என்பதே என் எண்ணம்.

கேள்வி: முடிக்கத் தெரியாத எழுத்தாளர்கள்தான் இப்படி ‘வாசகர் முடிவுக்கே விட்டுவிட்டோம்’ என்று தப்பித்துக்கொள்கிறார்கள் என்கிறார் என் நண்பர். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பல தொடர்களுக்குப் பொருந்தும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விடையில்லாத அந்தக் கேள்வி இறுதி இதழின் நினைவில் இருக்கிறதா? ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த ‘வாட்ச்மென்’ (1986–87) தொடரின் கடைசிக் கட்டத்தில், முகமூடி நாயகன் ரோர்ஷாக்கின் நாட்குறிப்பு கிடக்கும் குவியலை நோக்கி ஒரு பத்திரிகை உதவியாளனின் கை நீள்கிறது. அவன் அதை எடுத்தால் முன்னாள் நாயகன் ஓஸிமாண்டியஸின் சதி வெளிப்பட்டு, பல லட்சம் உயிர்களைப் பலிகொடுத்து வாங்கிய அமைதி குலையக்கூடும். எடுக்காவிட்டால் பொய் நிலைக்கும். கேள்வியை மறந்து போன கதை இப்படிக் கடைசிக் கட்டத்தை அதற்கென்றே ஒதுக்காது. மாறாக, ஒரு தொடரின் மூன்றாம் இதழில் பரபரப்பாக அறிமுகமான மர்ம மனிதரைப் பற்றி இறுதி இதழ் ஒரு சொல்கூடப் பேசவில்லையென்றால், அது கைவிடப்பட்ட இழை. அதில் ஆழம் தேட வேண்டியதில்லை.

கேள்வி: ‘ஃப்ளாஷ்பாயிண்ட்’ முடிவில் தோன்றும் முக்காடிட்ட பெண் எந்த வகை?

பதில்: மூன்றாவது வகை, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும் அதுவே. 2011-இல் வந்த அந்த ஐந்து இதழ்த் தொடரின் இறுதியில் தலைகாட்டும் அவர், அதையடுத்து டிசி காமிக்ஸ் நிறுவனம் புதிதாகத் தொடங்கிய 52 தொடர்களின் முதல் இதழ்கள் அனைத்திலும் எங்கோ ஓர் ஓரத்தில் நின்றார். பாண்டோரா என்ற பெயரும் பின்னணியும் பிறகுதான் வெளிவந்தன. விடை இருந்தது, அதை அடுத்த கடையில் வைத்திருந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் பின்தொடர்கள் தரும் விடைகளை ஏற்கலாமா? நாட்குறிப்பு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பதில்: தாராளமாக வாசியுங்கள், ஆனால் எதை ஏற்பீர்கள்? ஜெஃப் ஜான்ஸ் எழுதி கேரி ஃபிராங்க் வரைந்த ‘டூம்ஸ்டே கிளாக்’ (2017–19) கதையில் சதி அம்பலமாகி, ஓஸிமாண்டியஸ் தேடப்படும் குற்றவாளியாகிறான். 2019-இல் எச்பிஓ வெளியிட்ட ‘வாட்ச்மென்’ தொலைக்காட்சித் தொடரிலோ நாட்குறிப்பு அச்சேறியும் பெரும்பாலோர் அதை நம்பவில்லை. இரண்டிலும் மூருக்குப் பங்கில்லை. ஒன்றையொன்று மறுக்கும் இரு விடைகளுக்கும் அந்தக் கடைசிக் கட்டம் இடம் தருகிறது என்பதால், மூலத்தின் முடிவாக இரண்டையும் நான் கொள்வதில்லை.

கேள்வி: தொகுப்பு நூலில் முடிவை விளக்கும் கூடுதல் பக்கங்கள் இருக்குமா?

பதில்: பெரும்பாலும் அட்டை ஓவியங்களும் வரைவுகளுமே இருக்கும், விளக்கத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

கேள்வி: ‘மிஸ்டர் மிராக்கிள்’ தொடரை மறுபடி வாசிக்கும்போது எதைக் கவனிக்கலாம்?

பதில்: முதல் இதழில் ஸ்காட் தன் உதவியாளர் ஓபரானோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பான், ஓபரான் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்பது பிறகு பார்டா சொல்லித்தான் தெரியவரும். அந்த இரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துவிட்டு, இறந்தவர்கள் பேசும் இறுதி இதழுக்கு நேரே செல்லுங்கள்.