எச்-1பி மகன் கல்யாணத்துக்கு வந்தால் திரும்பப் போக முடியுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். மகன் டல்லாஸில் எம்.எஸ். முடித்து, 2024 அக்டோபரிலிருந்து எச்-1பி என்ற அமெரிக்க வேலை அனுமதியில் வேலை பார்க்கிறான். படிக்கப் போனதிலிருந்து ஊருக்கே வரவில்லை. வரும் வைகாசியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். எச்-1பிக்கு ட்ரம்ப் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைக் கட்டாமல் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் 2027 வரை விசா இருக்கிறது. கோவையில் ஓர் ஏஜென்ட், மூன்று லட்சம் கொடுத்தால் கட்டண விலக்குக் கடிதமும் தூதரக நேர்காணல் ஸ்லாட்டும் வாங்கித் தருவதாகச் சொல்ல, 50 ஆயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். அங்கே ஓபிடியில் (படிப்பு முடித்தபின் மாணவர் நிலையிலேயே வேலை செய்யும் அனுமதி) இருக்கும் என் அக்கா மகனைக் கம்பெனி எச்-1பிக்கான மார்ச் லாட்டரியில் சேர்க்கிறது. இருவரும் சேர்ந்து வரலாமா? கோர்ட் இந்தக் கட்டணத்தை ரத்து செய்துவிடுமா?

பதில்: மீதி இரண்டரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த ஏஜென்ட் சொல்லும் விலக்குக் கடிதம் என்ற ஒன்று உங்கள் மகனுக்குத் தேவையே இல்லை. தேவைப்பட்டாலும் அதைக் கேட்க வேண்டியது அமெரிக்கக் கம்பெனி, கொடுக்க வேண்டியது அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர். அதுவும் மிக மிக அரிதாகத்தான் கொடுப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அதை வாங்கித் தருவார் என்றால் அவர் அச்சடித்துத்தான் தரவேண்டும்.

கட்டண விஷயம் இதுதான். 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான அந்த உத்தரவு, செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுக்களுக்குத்தான் பொருந்தும். உங்கள் மகனின் மனு 2024லேயே அங்கீகரிக்கப்பட்டது. அவனுக்குக் கட்டணம் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்ல அந்த அரசாங்கத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. முதல் நாள் வர்த்தக அமைச்சர் ஆண்டுதோறும் கட்டணம் என்றார், மறுநாள் வெள்ளை மாளிகை ஒரே ஒரு முறைதான் என்றது, முழு விளக்கம் வந்தது அக்டோபர் 20ல். ஏறத்தாழ 90 லட்சம் ரூபாய் சம்பந்தப்பட்ட உத்தரவை வெள்ளிக்கிழமை அறிவித்து ஞாயிறு அதிகாலை அமலுக்குக் கொண்டுவருவது என்ன நிர்வாகமோ! ஏஜென்ட்கள் பிழைப்பது இந்தக் குழப்பத்தில்தான்.

உண்மையான சிக்கல், நீங்கள் தைரியமாகச் சொல்லும் அந்த 2027 விசா. அது படிக்கப் போனபோது ஒட்டிய எஃப்-1 மாணவர் விசா. மகன் வெளியே வராமலே மாணவர் நிலையிலிருந்து வேலை நிலைக்கு மாறியதால் அவனிடம் இருப்பது ஐ-797 என்ற அங்கீகாரத் தாள் மட்டும். அங்கே தங்கி வேலை செய்ய அது போதும். வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போகப் போதாது. மாணவர் விசாவைக் காட்டி எச்-1பி வேலைக்குத் திரும்பவும் முடியாது. ஊருக்கு வந்தால் சென்னையிலோ ஹைதராபாத்திலோ நேர்காணலுக்குப் போய் எச்-1பி ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா, வாங்கியே ஆகவேண்டும்.

அந்த வரிசைதான் இப்போது நகராமல் நிற்கிறது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 (எச்-1பிகாரரின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கானது) விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அதனால் டிசம்பரில் நேர்காணல் வைத்துக்கொண்டு இந்தியா வந்தவர்களில் பலருக்குத் தேதி மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. இரண்டு வார லீவில் வந்தவர்கள் மாதக்கணக்கில் இங்கே மாட்டிக்கொண்டார்கள். துபாய், மெக்சிகோ போய் ஸ்டாம்பிங் முடித்துவிடலாம் என்றும் உங்கள் ஏஜென்ட் சொல்லுவார். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கவேண்டும் என்று விதி. அமெரிக்காவில் வசிக்கும் இந்தியருக்கு அதன் பொருள், இந்தியா வா என்பதுதான்.

இங்கே மாட்டிக்கொண்டு மூன்று நான்கு மாதம் ஓடினால் கம்பெனி பொறுக்குமா? இந்தியாவிலிருந்து வேலை செய்யச் சில கம்பெனிகள் விடும், பல விடாது. வேலை போய்விட்டால், இன்னொரு கம்பெனி அவனுக்காகப் புதிய மனு போடவேண்டும். அப்போது அவன் அமெரிக்காவுக்கு வெளியே, எச்-1பி ஸ்டாம்ப் இல்லாமல் இருக்கிறவன். அந்த மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் உண்டு. இன்று அவனைத் தொடாத கட்டணம் அன்றைக்கு அவன்மீது வந்து விழும். அந்தப் பணத்தில் பாதியை நீ கொடு என்று கேட்கும் கன்சல்டன்சிகள் முளைக்கும். அது கம்பெனி கட்டவேண்டிய பணம். சம்பளத்தில் பிடித்தாலும் சரி, ரொக்கமாகக் கேட்டாலும் சரி, ஒத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே மகன் வருவதற்கு இரண்டு நிபந்தனை. நேர்காணல் தேதி கையில் உறுதியாக இருக்கவேண்டும். அது தள்ளிப்போனாலும் வேலையை வைத்திருப்போம், இத்தனை வாரம் இங்கிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியின் மனிதவளத் துறை மின்னஞ்சலில் எழுதித் தரவேண்டும். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அவன் வராமல் இருப்பதே நல்லது. மைத்துனர் முறைக்குப் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் யாராவது நிற்கட்டும். தங்கை கோபித்துக்கொண்டால் கோபம் ஆறும்.

அக்கா மகன் கதை வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல படிப்பாளிப் பையன்களே இதில் விழுகிறார்கள். லாட்டரியில் பெயர் வந்தால் ஏப்ரலில் கம்பெனி மனு போடும். அதில், பையன் அமெரிக்காவிலேயே இருக்கிறான், மாணவர் நிலையை எச்-1பியாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டு அது அங்கீகாரமானால் லட்சம் டாலர் கிடையாது. ஆனால் மனு போட்டபின், முடிவு வருமுன், அவன் நாட்டை விட்டு வெளியே வந்தால் நிலைமாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மனு மட்டும் மிஞ்சும். அது வெளிநாட்டில் இருப்பவருக்கான மனுவாகிவிடும். கட்டணம் கேட்பார்கள். அவன் கையில் செல்லுபடியாகும் எஃப்-1 விசா இருக்கலாம், பயணத்துக்கான கல்லூரி கையெழுத்து இருக்கலாம், ரிட்டர்ன் டிக்கெட் இருக்கலாம், எதுவும் இதைக் காப்பாற்றாது. எத்தனை நாள் வெளியே இருந்தான் என்பதும் முக்கியமில்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் வந்து போனாலும் அதே கதிதான். வைகாசி என்பது சரியாக அந்த ஆபத்தான இடைவெளியில் விழுகிறது. ஒரே வழி, கம்பெனி கூடுதல் கட்டணம் செலுத்திப் பிரீமியம் முறையில் தாக்கல் செய்வது. 15 வேலைநாளில் ஏதாவது பதில் வரும். கூடுதல் ஆவணம் கேட்டும் வரலாம் என்பதால், அங்கீகாரத் தாளைக் கண்ணால் பார்த்தபிறகே டிக்கெட். அதன்பின் வந்தால் கட்டணம் இல்லை, ஆனால் எச்-1பி வேலைக்குத் திரும்ப ஸ்டாம்பிங் வேண்டியிருந்தால் உங்கள் மகன் நிற்கும் அதே வரிசைக்கு இவனும் வருவான். லாட்டரியில் பெயர் வராவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கோர்ட்டைக் கேட்டீர்கள். 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில், நாட்டு நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால் எந்த வகை வெளிநாட்டவரின் நுழைவையும் நிறுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த உத்தரவு நிற்பது அதன்மீதுதான். 2018ல் பயணத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே பிரிவை ஐந்துக்கு நான்கு என்று அதிபர் பக்கம் படித்தது. அமெரிக்க வர்த்தக சபை தொடுத்த கட்டண வழக்கிலும் 2025 டிசம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி அரசுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். வேறு வழக்குகளும் உண்டு. நுழைவை நிறுத்தும் அதிகாரத்தில் பணம் வசூலிக்கும் அதிகாரமும் அடக்கமா என்பது நியாயமான கேள்விதான், எனக்கே அதில் ஒப்புதல் இல்லை. ஆனால் உங்கள் தொழிலையே பாருங்கள். அவசரநிலை அதிகாரத்தை வைத்துப் போட்ட இறக்குமதி வரிகள் சட்டப்படி செல்லாது என்று 2025 மே 28ல் அமெரிக்க வர்த்தக நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடு நடக்கும்வரை வரி தொடரட்டும் என்றாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 27ல்தான் உங்கள் சரக்குமீது 50 சதவீதம் வந்தது. தீர்ப்பை நம்பி ஆர்டர் எடுத்தவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தீர்ப்பை நம்பி டிக்கெட் எடுப்பதும் அப்படித்தான். எச்-1பி கட்டண உத்தரவின் 12 மாதக் கெடு 2026 செப்டம்பர் வரை, ஆனால் நீட்டிக்கவும் அதிலேயே வழி இருக்கிறது.

கடைசியாக ஸ்லாட். அதைப் பணம் கொடுத்து வாங்குவது சாதாரண விஷயம்போல் எல்லோரும் பேசுகிறார்கள். 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், பாட் (தானாகவே பதிவு செய்யும் மென்பொருள்) மூலம் பதிவான சுமார் 2,000 நேர்காணல்களை ஒரே அடியாக ரத்து செய்து, அந்தக் கணக்குகளின் பதிவு வசதியையும் நிறுத்தியது. கணக்கு முடங்கினால் ஏஜென்டுக்கு நஷ்டமில்லை, மகனுக்குத்தான். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 50 ஆயிரத்தோடு போனது என்று இருங்கள். அவரிடம் மகனின் விசா கணக்குப் பாஸ்வேர்டையோ டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தின் விவரங்களையோ கொடுத்திருந்தால், இன்றே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, படிவத்தில் அவர் என்ன நிரப்பியிருக்கிறார் என்பதை மகனே வரிவரியாகப் பார்க்கட்டும். அதில் தவறு இருந்தால் நேர்காணலில் பதில் சொல்லப்போவது அவன்தான்.