கையெழுத்துப் போட மறந்த காசோலை: கேஸ் வருமா?

கேள்வி: கடை வாடகை பாக்கிக்காக 85,000 ரூபாய்க்குச் செக் எழுதி உரிமையாளரிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. 'செக் திரும்பினால் கேஸ்தான்' என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் இரண்டு தந்தால் பேசி முடித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் புரோக்கருக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். மீதி அரை நாள் வேலை.

கையெழுத்து இல்லாவிட்டால் அது சட்டப்படி காசோலையே இல்லை, எழுதிய தாள் மட்டும்தான். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு, ஒருவர் 'வழங்கிய' காசோலை பணமில்லாமல் திரும்புவதைப் பற்றியது. கையெழுத்தே போடாத செக்கை வைத்து அந்தக் கேஸ் நிற்பது கடினம். ஆனால் வாடகை பாக்கி எங்கும் போய்விடாது. அதைக் கேட்டு அவர் சிவில் வழக்குப் போடலாம், கடையைக் காலி செய்யவும் சொல்லலாம்.

செக் இன்னும் அவர் கையில் இருந்தால் நேரில் போய், வலது கீழ்ப்பக்கம் கையெழுத்துக்கான இடத்தில், வங்கியில் கொடுத்திருக்கும் அதே கையெழுத்தைப் போடுங்கள். அடியில் எண்கள் அச்சிட்ட வெள்ளைப் பட்டையில் பேனா படக் கூடாது. விடுபட்ட கையெழுத்தைப் போடுவது திருத்தம் ஆகாது. பெயர், தொகை இவற்றை அடித்து எழுதினால்தான் செக் திரும்பும்.

வங்கியில் போட்டுவிட்டார் என்றால் முடிவு அன்றைக்கே தெரிந்துவிடும். 2025 அக்டோபர் 4 முதல், பகலில் குறித்த நேரத்துக்குள் கிளியரிங்குக்கு (வங்கிகளுக்கிடையேயான செக் பரிமாற்றத்துக்கு) போகும் செக்குக்கு உங்கள் வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். திரும்பினால் 'டிராயர்ஸ் சிக்னேச்சர் ரிக்வயர்ட்' (செக் எழுதியவர் கையெழுத்து வேண்டும்) என்ற காரணத்தோடு வங்கியின் மெமோ வரும். பெட்டியில் போடும் செக்கை ஒரு நொடி பார்த்தாலே கையெழுத்து இல்லாதது தெரியும். யாரும் பார்ப்பதில்லை. ஸ்கேன் செய்து அனுப்பி, திருப்பி வாங்கி, அதற்குக் கட்டணமும் பிடிப்பார்கள். மெமோவோடு செக் அவர் கைக்கு வரும். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர் மறுபடி போடலாம். அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. அதைவிட நெஃப்டில் பணம் அனுப்பிவிட்டுச் செக்கைத் திருப்பி வாங்குவது நல்லது.

பயத்தில் ஸ்டாப் பேமென்ட் (இந்தச் செக்குக்குப் பணம் தராதீர்கள் என்று வங்கிக்குச் சொல்வது) கொடுத்துவிடாதீர்கள். அதுவும் 138-க்குள் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. இல்லாத கேஸை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போடுவதும் அப்படித்தான். உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சந்து அடைபட்டுவிட்டது.

புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். வெற்றுச் செக்கில் தொகையை வேறு யார் நிரப்பினாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருக்கிறது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 85,000 பாக்கிக்கு 8,50,000 எழுதிக்கொண்டால் நீங்கள் நடக்க வேண்டியது எத்தனை வாய்தா? 'செக்யூரிட்டிக்குத்தான், பயன்படுத்த மாட்டோம்' என்று கேட்கும் கடன் ஏஜென்ட், வீட்டு புரோக்கர், சீட்டு நடத்துபவர் எல்லோருக்கும் ஒரே பதில்: வெற்றுச் செக் கிடையாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பெயர், தொகை, தேதி எழுதி, கிராஸ் செய்து, போட்டோ எடுத்துக்கொண்டு, என்ன காரணத்துக்கு என்று எழுதி வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் கணக்கு மனைவியோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கா? அப்படியானால் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கை நடத்தும் முறை என்ன என்று பாருங்கள். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் ஒருவர் கையெழுத்துப் போதும். 'ஜாயின்ட்லி' என்றால் இருவரும் போட வேண்டும். ஒன்று விட்டால், கையெழுத்து முழுமையில்லை என்று திரும்பும். குடியிருப்போர் சங்கம், டிரஸ்ட் கணக்குகளில் செயலாளர் போட்டுப் பொருளாளர் விட்டுவிடுவதும் இதே கதைதான். பொறுப்பாளர் மாறிய பிறகு வங்கியில் புதுக் கையெழுத்தைப் பதியாமல் பழையவரே போட்டுக்கொண்டிருந்தால் அது வேறு சிக்கல். இன்னொன்று: ஜாயின்ட் கணக்கில் கையெழுத்துப் போடாதவர் மீது 138 வழக்குச் செல்லாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. மனைவியையும் சேர்த்து நோட்டீஸ் வந்தால் மிரளாமல் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். மனைவிக்குப் பதில் அவர் கையெழுத்தை நீங்கள் போட்டுவிடாதீர்கள். அது போலிக் கையெழுத்து.

புதுச் செக் கொடுப்பதானால் பாசிட்டிவ் பே-யில் (செக் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வசதி) எண், தேதி, பெயர், தொகையைப் பதிந்துவிடுங்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குக்கு அந்த வசதி உண்டு. பழைய செக்கின் எண்ணை அடிக்கட்டையில் குறித்து, கேன்சல் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பிய கட்டணம் உரிமையாளர் கணக்கில் பிடித்திருந்தால், அந்தத் தொகையையும் வாடகையோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். தவறு அவருடையது அல்ல. சண்டையும் பாதி குறையும்.