கேள்வி-பதில்: பார்க்கிங் லாட்ல துப்பாக்கி, யாரோட உரிமை?

கேள்வி: நாலு வருஷமா எச்1பி விசால இங்க ஒரு கம்பெனில வேலை பாக்கறேன். எங்க டீம்ல ஒருத்தர் தன்னோட பிக்கப் ட்ரக்ல எப்பவும் துப்பாக்கி வச்சிருக்கார், அவரே பெருமையா சொல்லிக்கறார். எச்.ஆர்.ல கேட்டா, பில்டிங்குக்குள்ள கொண்டு வந்தாத்தான் தப்பு, கார்ல இருக்கற வரைக்கும் நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. அது அரசியல் சாசனம் குடுத்த உரிமை, அதுல தலையிட கம்பெனி யாருன்னு ரூம்மேட் கேக்கறார். யோசிச்சா நியாயமாத்தான் படுது. நானும் ஒண்ணு வாங்கி கார்ல போட்டுக்கலாமான்னு தோணுது. உங்க கருத்து என்ன?
- ஒரு வாசகர், ப்ளேனோ, டெக்சாஸ்

பதில்: உங்க எச்.ஆர். சொன்னது சரி. ரூம்மேட்தான் பாதி கேட்டுட்டு பேசறார்.

துப்பாக்கி வச்சுக்கற உரிமை பத்திப் பேசற அமெரிக்க சாசனத்தோட ரெண்டாவது திருத்தம் கட்டிப் போடறது அரசாங்கத்தோட கையை, உங்க முதலாளியோட கையை இல்ல. தனியார் கம்பெனி தன் இடத்துல துப்பாக்கி கூடாதுன்னு போர்டு வச்சா சாசனத்தைக் காட்டி அதைக் கழட்ட முடியாது. உங்க டீம்காரரைக் காப்பாத்தறது 2011 செப்டம்பர்ல டெக்சாஸ்ல அமலுக்கு வந்த ஒரு மாநில சட்டம். சட்டப்படி வச்சிருக்கற துப்பாக்கி, பூட்டின சொந்த வண்டிக்குள்ள இருந்தா கம்பெனி தடுக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம், அதே துப்பாக்கியை கம்பெனி குடுத்த கார்ல வச்சா இந்தச் சட்டம் கை குடுக்காது. அதாவது கம்பெனியோட சொந்த நிலத்துல கம்பெனி போடற ரூலை அரசாங்கம் உள்ள பூந்து செல்லாதுன்னு ஆக்கியிருக்கு. பிசினஸ்ல அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு தேர்தலுக்குத் தேர்தல் மைக் பிடிக்கறவங்கதான் பெரும்பாலும் இதுக்குக் கை தூக்கினாங்கங்கறதையும் சேர்த்து ரூம்மேட்கிட்ட சொல்லுங்க.

இந்த மாதிரி பார்க்கிங் லாட் சட்டம் எங்க ஆரம்பிச்சதுன்னா ஓக்லஹோமாவுல வேலியன்ட்னு ஒரு சின்ன ஊர், அங்க வெயர்ஹவுசர் கம்பெனியோட பேப்பர் மில். 2002 அக்டோபர்ல ஒரு நாள் மோப்ப நாய்களோட வந்து பார்க்கிங் லாட்டை வரிசையா சோதனை போட்டாங்க, சில வண்டிகள்ல துப்பாக்கி இருந்துச்சு, கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேர்த்து கிட்டத்தட்ட ஒரு டஜன் பேருக்கு வேலை போச்சு. சுத்தி காடு, மான் வேட்டையாடற ஊரு, ட்ரக்ல துப்பாக்கி இருக்கறது அங்க நம்ம ஊர்ல டிக்கில ஸ்டெப்னி இருக்கற மாதிரி. ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க, கோபத்துல நியாயமும் இருந்துச்சு, நான் இல்லைங்கல. 2004ல ஓக்லஹோமா சட்டம் போட்டுச்சு. கோனோகோபிலிப்ஸ் மாதிரி பெரிய கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போய், வேலையிடப் பாதுகாப்புக்கு மத்திய சட்டம் இருக்கே, இது அதோட முட்டுதேன்னு வாதாடி 2007ல ஜெயிச்சாங்க, 2009 பிப்ரவரில பத்தாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுடுச்சு. அப்புறம் வரிசையா, இன்னைக்கு இருபதுக்கும் மேல மாநிலங்கள்ல இது ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு.

ஃப்ளோரிடா கதை தனி காமெடி. 2008 ஜூலைல அங்க அமலுக்கு வந்த சட்டப்படி உன் கார்ல துப்பாக்கி இருக்கான்னு முதலாளி வாய் விட்டுக் கேக்கறதே தப்பு. வெடிபொருள் கையாளற இடம் மாதிரி சில இடங்களுக்கு விலக்கு உண்டு. உடனே டிஸ்னி வேர்ல்ட், நாங்க தினமும் வாணவேடிக்கை விடறோம், வெடிபொருள் பர்மிட் இருக்கு, அதனால சட்டம் எங்களுக்குப் பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. மிக்கி மவுஸ் புஸ்வாணத்தைக் காட்டித் தப்பிச்சிருச்சு.

இப்ப நிஜமாவே யோசிக்க வேண்டிய இடம். டெக்சாஸ், மிசிசிப்பி மாதிரி மாநிலங்கள்ல உங்களை வேலையை விட்டுத் தூக்க முதலாளி காரணமே சொல்ல வேண்டாம்னு உங்களுக்குத் தெரியும். இனம், மதம், பாலினம்னு சில மத்திய சட்ட வேலிகள் இருக்கு, அதைத் தாண்டினா சட்டை கலர் பிடிக்கலேன்னாலும் அனுப்பலாம். மிசிசிப்பில அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 1993ல இதுக்கு ரெண்டே ரெண்டு விதிவிலக்கு குடுத்துச்சு: சட்டவிரோதமான வேலை செய்ய மாட்டேன்னு சொன்னவரைத் தூக்கக் கூடாது, முதலாளியோட சட்டவிரோதத்தைப் போட்டுக் குடுத்தவரைத் தூக்கக் கூடாது. இருபத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு 2016ல இன்னொண்ணு சேர்ந்துச்சு. கொலம்பஸ்ங்கற ஊர்ல விமான பாகம் செய்யற கம்பெனில ஒருத்தரை, பூட்டின ட்ரக்ல துப்பாக்கி இருந்ததுக்காக வேலையை விட்டு எடுத்திருந்தாங்க, அது செல்லாதுன்னு தீர்ப்பு. கர்ப்பிணிக்கும் யூனியன்காரருக்கும் அந்த மாநிலம் தானா முன்வந்து தராத வேலைப் பாதுகாப்பு, க்ளவ் பாக்ஸ்ல தூங்கற இரும்புக்குக் கிடைச்சிருக்கு. இதைத்தான் உங்க ரூம்மேட் உரிமைங்கறார்.

அதே மிசிசிப்பில மெரிடியன்னு ஒரு ஊர். 2003 ஜூலை 8, லாக்ஹீட் மார்ட்டின் ஆலை, காலைல நெறிமுறை பத்தி கட்டாய மீட்டிங். அதுல உக்காந்திருந்த ஒரு தொழிலாளி பாதில எழுந்து வெளிய போறார். பார்க்கிங்ல நின்ன தன்னோட ட்ரக்குக்குப் போய் ஷாட்கன்னும் ரைஃபிளும் எடுத்துக்கிட்டுத் திரும்பி வர்றார். ஆறு சக ஊழியர்கள் செத்தாங்க, அப்புறம் தன்னையே சுட்டுக்கிட்டார். வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரணும்னு இருந்திருந்தா வழில ஆத்திரம் அடங்கியிருக்குமான்னு தெரியாது, ஆனா அந்த வழிங்கற ஒண்ணாவது நடுவுல இருந்திருக்கும். மூணே வருஷத்துல, 2006ல, அதே மாநிலம் முதலாளி பார்க்கிங் லாட்ல துப்பாக்கியைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. கேட்டும் செக்யூரிட்டியும் வச்ச பார்க்கிங்கா இருந்தா தடுக்கலாம்னு ஒரு சந்து விட்டாங்க. கேட் கட்ட காசில்லாத சின்ன கம்பெனி என்ன பண்ணும்னு யாரும் கேட்டதாத் தெரியல.

எதிர்த்தரப்புல உருப்படியான வாதம் ஒண்ணு இருக்கு, அதை முழுங்கிட்டுப் பேசக் கூடாது. ராத்திரி 11 மணிக்கு ஷிஃப்ட் முடிச்சு தனியா 40 மைல் ஓட்டிட்டுப் போற நர்ஸ், கம்பெனி பார்க்கிங்ல வைக்கக் கூடாதுன்னா வீட்டுலேருந்து வீடு வரைக்கும் வெறுங்கையாத்தான் போகணும், முதலாளியோட ரூல் அவரோட ரோட்டு வரைக்கும் நீளுது. நியாயமான குறைதான். ஆனா அதுக்கு விலையும் இருக்கு. 2017லேருந்து 2021க்குள்ள அமெரிக்காவுல தனியாருங்ககிட்டேருந்து 10 லட்சத்துக்கும் மேல துப்பாக்கி திருடு போனதா ரிப்போர்ட் ஆகியிருக்கு, கார் கண்ணாடியை உடைச்சு எடுக்கறது அதுல ரொம்ப சுலபமான வழி. பம்பர்ல துப்பாக்கி ஸ்டிக்கர் ஒட்டிட்டு 9 மணி நேரம் வெயில்ல நிக்கற ட்ரக், திருடனுக்கு விலாசம் எழுதின கவர் மாதிரி. உங்க டீம்காரர் ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்ங்கறீங்களே, அதுதான் இருக்கறதுலயே மோசம்.

இதை எதிர்த்த அரசியல்வாதிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறவங்களுக்கு: டென்னசில டெப்ரா மெகார்ட்னு ஒருத்தர், மாநில சபையில ரிபப்ளிகன் உறுப்பினர்களோட தலைவி, துப்பாக்கி உரிமைக்காகக் குரல் குடுக்கற என்.ஆர்.ஏ. சங்கத்துல ஆயுள் உறுப்பினர். இந்த மசோதாவைக் கிடப்புல போட்டதுக்காக 2012ல கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற ப்ரைமரி தேர்தல்ல அதே என்.ஆர்.ஏ. காசை இறக்கி அவரைத் தோக்கடிச்சுச்சு. அடுத்த வருஷமே சட்டம் பாஸ்.

கடைசியா நீங்க வாங்கறது பத்தி. கேள்வில போற போக்குல எச்1பின்னு எழுதிட்டீங்க, இருக்கறதுலயே முக்கியமான வார்த்தை அதுதான். எச்1பி மாதிரி நிரந்தரக் குடியேற்றத்துக்கு இல்லாத விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறது மத்திய சட்டப்படி குற்றம், அதிகபட்ச தண்டனை 15 வருஷம். செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் வச்சிருக்கறவங்களுக்குன்னு விலக்கு இருக்கு, அதை நம்பி இறங்கறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாருங்க, கடைக்காரரைக் கேக்காதீங்க. பார்க்கிங் லாட் சட்டம் காப்பாத்தறது சட்டப்படி வச்சிருக்கற துப்பாக்கியை மட்டும்தான், அதனால உங்களுக்கு அது குடையே ஆகாது, க்ரீன் கார்டு க்யூல நிக்கறவர் வேற நீங்க. வாங்கினாத்தான்னு இல்ல, "ரெண்டு நாள் உன் கார்ல வச்சிரு"ன்னு ஒருத்தர் குடுத்து நீங்க டேஷ்போர்டுல போட்டு மூடினாலும் கணக்கு உங்க பேர்லதான். ரூம்மேட் என்ன விசான்னு நீங்க எழுதல. இந்தப் பக்கத்தை அவர்கிட்டயும் நீட்டுங்க.